எழுதிய பீங்கான்

1

டொக்டர் தந்த தாளில் ஏழு கேள்விகள் இருந்தன. கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாட்கள் பதற்றமாக இருந்தீர்கள், எத்தனை நாட்கள் கவலையை நிறுத்த முடியாமல் போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதிரே நான்கு பெட்டிகள் போட்டிருந்தார்கள். கடைசிக் கேள்வி, ஏதோ பயங்கரம் நடக்கப் போகிறது என்று பயந்தீர்களா என்பது. தாளை எடுத்துக்கொண்டு வரவேற்பு மேசைக்குப் போய், அது ஏற்கெனவே நடந்துவிட்டதென்றால் எந்தப் பெட்டியில் சரி போடுவது என்று கேட்டேன். அங்கிருந்த பெண் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "அதற்குப் பெட்டி இல்லை" என்றாள், மன்னிப்புக் கேட்கிற குரலில். 'கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும்' என்பதில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். போன வருடம் குளிர்காலத்தில், வீட்டிலிருந்து நூறு அடி தள்ளி, பஸ் நிற்கும் இடத்துக்குப் போக ரோட்டைக் கடக்கும் மஞ்சள் கோட்டுக் கடவையில், என் மகள் சஹ்லாவை ஒரு வேன் அடித்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போது நன்றாக நடக்கிறாள். குளிர் கூடினால் இடது கால் கொஞ்சம் பின்தங்கும், அவ்வளவுதான். பதினெட்டு வயது. கலைக் கல்லூரிக்குப் போகிறாள், சிரிக்கிறாள், செப்டெம்பரில் வேறொரு நகரத்துக்குப் படிக்கப் போகப்போவதாகச் சொல்கிறாள். அடிபட்டவள் எழும்பிவிட்டாள். நான்தான் இன்னும் அந்தக் கடவையில் நிற்கிறேன்.

இதைக் கவிதையாகச் சொல்லவில்லை. தினமும் காலை அவள் வெளியே இறங்கியதும், சால்வையைப் போட்டுக்கொண்டு இருபது அடி பின்னால் நானும் போய் அங்கே நிற்பேன். பஸ் ஏறும்வரை. பிறகு வீட்டுக்கு வந்து போனில் அவளுடைய நீலப்புள்ளி நகர்வதைப் பார்ப்பேன். ஒரு நாள் அவள் திரும்பி வந்து, கடவையின் நடுவில் நின்றபடி, "உம்மா, இனிப் பின்னால வந்தீங்க எண்டா நான் செப்டெம்பர் வரைக்கும் இரிக்க மாட்டன். இப்பவே போயிருவன்" என்றாள். அவள் என்னோடு முழுசாகத் தமிழில் கதைத்து நெடுநாளாகியிருந்தது. அதற்குப் பிறகு நான் பின்னால் போகவில்லை. மேல்மாடி ஜன்னலுக்கு மாறிவிட்டேன்.

டொக்டர் மாத்திரை எழுதவில்லை. முதலில் இதைச் செய்து பாருங்கள் என்று, பழம்பொருட்கள் வைத்திருக்கும் நகரத்து நூதனசாலையில் ஆறு வாரத்துக்கு ஒரு வகுப்புக்கு அனுப்பினார். பழைய பீங்கான், மட்பாண்டங்களைக் கையில் எடுத்துப் பார்க்கும் வகுப்பு. ஊரில், சாய்ந்தமருதில் இருக்கும் என் மூத்த சகோதரி, ராத்தாவிடம் போனில் சொன்னேன்.

"மருந்துக்குப் போன மனிசியச் சட்டி பான பாக்கவா அனுப்பினானுகள்?"

"ஓம் ராத்தா."

"எண்ட அல்லாஹ். அதுக்கா பிளேன் ஏறிப் போனாய்? இஞ்ச எண்ட குசினிக்கு வந்திருந்தா கழுவவும் தந்திருப்பன்."

2

வகுப்பில் எட்டுப் பேர். நடத்தியவர் ஹெலன் என்று ஒரு பெண்மணி, அறுபது வயதிருக்கும், காதில் கருவி வைத்திருந்தார். கையுறை போடக் கூடாது, வழுக்கும் என்றார். மோதிரங்களைக் கழற்றி, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, மெத்தை விரித்த மேசைக்கு முன்னால் உட்கார வேண்டும். ஒரு பாண்டத்தைத் தூக்கினால் இரண்டு கையாலும் தூக்க வேண்டும்.

"முதலில் அலங்காரத்தைப் பார்க்காதீர்கள்" என்பதுதான் அவர் சொன்ன முதல் பாடம். "பூவும் பறவையும் உங்கள் கண்ணைப் பிடித்திழுக்கும். விடாதீர்கள். அது எப்படி நிற்கிறது என்று பாருங்கள். எங்கே அகல்கிறது, எங்கே ஒடுங்குகிறது, எங்கே முடிகிறது."

கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர் வைக்கும் ஒரு கூசாவைத் தடவச் சொன்னார். கால், வயிறு, தோள், கழுத்து, வாய் என்று மனதுக்குள் எண்ணினேன். ஒன்றும் தோன்றவில்லை. குளிர்ச்சியாக இருந்தது. பக்கத்தில் ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர், மனைவியை இழந்தவர், தன் கையிலிருந்த சாடியைச் சுற்றித் தடவிவிட்டு, "இந்த இடுப்பை எனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு முன்னால் என் வீட்டில் இருந்தது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் முகத்தைச் சிரிப்பது போல வைத்துக்கொண்டேன். அவர் பஸ் ஓட்டியவர் என்பது மட்டும்தான் என் மனதில் நின்றது. கடவையில் பஸ்ஸை நிறுத்துவீர்களா என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது.

இரண்டாவது வாரம்தான் அலங்காரம். ஒல்லாந்துப் பூச்சாடி ஒன்றை நடுவில் வைத்தார்கள், வெள்ளையில் நீலம். ஒரு வாய்க்குப் பதில் விரல்களைப்போல ஒன்பது குழாய் வாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பூ வைப்பதற்கு. கோடுகள் எங்கே போடப்பட்டிருக்கின்றன என்று கவனிக்கச் சொன்னார் ஹெலன். தோளில் ஒரு பட்டி. கழுத்து தொடங்கும் இடத்தில் இன்னொன்று. காலுக்குச் சற்று மேலே மூன்றாவது. இடைப்பட்ட வெள்ளையில் ஒரே ஒரு பறவை, வெட்டவெளியில் தனியாக நிற்பதுபோல.

"வடிவம் திரும்புகிற இடங்களில்தான் கோடு வந்திருக்கிறது, பார்த்தீர்களா? வரைகிற கை அங்கே வேகம் குறைத்திருக்கிறது. அலங்காரத்தை வெறும் ஒப்பனை என்று நினைக்காதீர்கள். இங்கே ஒன்று மாறுகிறது, கவனமாயிரு என்று அது சொல்கிறது."

இதை நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். இருபது வருடத்துக்கு முன் சமூகக்கல்வி படிப்பித்தவள், எழுதாமல் இருக்க முடியாது. எழுதும்போதும் எதுவும் உணரவில்லை. ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே கடவைகளின் மஞ்சளையும் வெள்ளையையும் எண்ணிக்கொண்டு வந்தேன்.

அலங்காரம் என்றால் எனக்குத் தெரிந்தது வேறு. எங்கள் ஊரில் கல்யாணச் சாப்பாடு சஹனில். அகலமான பெரிய தட்டம், அதைச் சுற்றி ஆறு பேர், ஒரே சோறு. வாப்பா வீட்டுச் சஹன்களின் நடுவில் சிவப்பு ரோசாப்பூ ஒன்று இருக்கும். மேலே சோறு, கறி, பொரியல். பிள்ளைகள் நாங்கள் நடுவை நோக்கித் தோண்டுவோம், யாருடைய விரலுக்கு முதலில் பூ தெரிகிறதென்று. "பூவத் தேடாம ஒனக்கு முன்னால இரிக்கிறதத் தின்னு புள்ள" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். ஆகவே எங்களுக்கு அலங்காரம் என்பது சோற்றுக்கு அடியில் இருப்பது. பசி தீரும்போதுதான் தெரியும்.

3

இனி இன்னொரு பீங்கானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் பயந்துபோனால், நோய் நீளமானால், பீங்கான் எழுதுவார்கள். பூவேலை இல்லாத வெள்ளைப் பீங்கான் தட்டொன்றை எடுத்து, குங்குமப்பூவைப் பன்னீரில் கரைத்து, பள்ளிவாசல் லெவ்வை அதில் ஓதியபடியே வேத வசனங்களான ஆயத்துக்களை எழுதித் தருவார். காய்ந்ததும் தண்ணீர் ஊற்றி எழுத்தைக் கரைத்து, பயந்தவர் அதைக் குடிக்க வேண்டும். ஊரில் இதற்கு இரண்டு கருத்து உண்டு. என் வீட்டிலும் உண்டு. என் கணவர் இது மார்க்கத்தில் இல்லாதது என்பார். நான் வாதாடியதில்லை.

விபத்துக்குப் பிறகு ராத்தாவிடம் நான்தான் கேட்டேன். சஹ்லாவுக்கு ஒரு பீங்கான் எழுதி அனுப்புங்கள் என்று. லீவில் ஊருக்குப் போய்த் திரும்பிய மருதமுனைக்காரர் ஒருவர் அதைச் சாரனில் சுற்றிக் கைப்பையில் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் திறந்து பார்த்து, "ஆர்ட்டா?" என்று கேட்டார்களாம். "ஓம் எண்டு சொல்லிட்டன் தங்கச்சி. மருந்தெண்டு சொன்னா லேசில விடுவானுகளா?" என்றார்.

அது வந்து சேர்ந்தது வகுப்பின் முதல் வாரத்தில். மஞ்சளும் காவியுமாகச் சுற்றிச் சுற்றி எழுதி, நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. விளிம்பில் ஒரு சின்ன உடைவு. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் பன்னீர் மணந்தது. இனி ஒரு கோப்பைத் தண்ணீர்தான் வேண்டும். ஆனால் என்னால் அவளிடம் சொல்ல முடியவில்லை. இதைக் குடி என்றால், நீ இன்னும் சுகமாகவில்லை என்று சொல்வதாகிவிடும். அவள் செப்டெம்பரை முன்னுக்கு இழுத்துக்கொள்வாள். பீங்கானைத் துவாயில் சுற்றி, அலுமாரிக்கு மேலே, பயணப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். ராத்தா போனில், "பீங்கான் வந்து சேந்திச்சா?" என்று கேட்கும்போதெல்லாம், ஓம் என்று சொல்லி, அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று போனை வைத்துவிடுவேன்.

4

நான்காவது வாரம் ஹெலன் களஞ்சியத்திலிருந்து ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்தார். முந்நூறு வருடத்துக்கு மேல் பழையது, சீனாவில் செய்தது, கடல் தாண்டி விற்பதற்கென்றே செய்தது என்றார். சாம்பல் படிந்த வெள்ளை. மேலே சிவப்பிலும் பாசிப்பச்சையிலும் வட்டங்கள், வட்டத்துக்குள் வட்டமாகக் கிறுக்கல்கள். கூட வந்த அட்டையில் 'எழுத்தைப் போன்ற அலங்காரம், வாசிக்க இயலாது' என்று எழுதியிருந்தது.

சொன்னபடியே முதலில் அலங்காரத்தைப் பார்க்கவில்லை. கவிழ்த்துக் காலைப் பார்த்தேன். கால் வளையத்தைச் சுற்றி மணல் ஒட்டியிருந்தது, கடற்கரையில் ஈரக்காலோடு நடந்து வந்ததுபோல. சூளையில் தரையோடு ஒட்டிவிடாமலிருக்க மணலைப் பரப்பி வைப்பார்களாம், அது அப்படியே வெந்துவிட்டது. விரலால் தொட்டேன். சொரசொரப்பு. அந்த வாரங்களில் என் கைக்கு முதன்முதலாக ஏதோ ஒன்று தெரிந்தது அப்போதுதான்.

நிமிர்த்தியதும் வாசிக்க முடிந்தது. முழுதாக இல்லை. புள்ளிகள் இல்லை, சில எழுத்துகளின் வயிறு மூடியிருந்தது, ஒரு வரி பாதியில் விளிம்பில் முட்டி நின்றது. செய்தவனுக்கு அரபு தெரியாது. முன்னால் ஒரு தாளை வைத்து, படம் வரைவதுபோலப் பார்த்து வரைந்திருக்கிறான். ஆனாலும் சின்ன வயதிலிருந்து பயம் வந்தால் ஓதுகிற ஆயத்தை எந்தக் கோலத்தில் கண்டாலும் தெரியும்தானே.

"இது வாசிக்க முடியும்" என்றேன்.

ஹெலன் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டார். "என்ன சொன்னீர்கள்?"

ஓதிக் காட்டினேன். பஸ் சாரதி தொப்பியைக் கழற்றினார், எதற்கென்று தெரியவில்லை. ஹெலன் அட்டையை மாற்ற வேண்டும் என்று சொல்லி ஒரு படிவம் கொண்டுவந்தார். பொதுமக்கள் தரும் தகவலுக்கான படிவம். அதில் 'உங்கள் தகைமை' என்று ஒரு கட்டம். அதை வெறுமையாக விட்டேன்.

கடைசி வாரம் ஒவ்வொருவரும் ஒரு பொருளைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும், வீட்டாரும் வரலாம் என்றார்கள். நான் இந்தத் தட்டை எடுத்துக்கொண்டேன்.

5

அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என்னுடைய பீங்கானைப் பார்க்க அலுமாரிக்கு மேலே எட்டினேன். துவாய் இருந்தது. பீங்கான் இல்லை.

பயணப் பெட்டியும் இடம் மாறியிருந்தது. ஆகவே கணவராக இருக்கும் என்று நினைத்தேன். கண்டிருப்பார், கழுவிவைத்திருப்பார், அல்லது எறிந்திருப்பார். கேட்கவில்லை. கேட்டால் ஏன் மறைத்தாய் என்பார். குசினித் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் எங்களுடைய தட்டுகள். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு மூவரும் உட்கார்ந்தோம். சஹ்லா என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டாள். அவர் உப்பைக் கேட்டார். கொடுத்தேன்.

பேசும் நாளில் வீட்டில் யாரையும் அழைக்கவில்லை. கணவருக்கு வேலை. மகளுக்கு நான் சொல்லவே இல்லை. ஆனால் மேசைக்கு முன்னால் நின்று தட்டை நிமிர்த்தும்போது, கதவோரம் சஹ்லா நிற்பதைக் கண்டேன். டொக்டரின் கடிதம் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டியிருந்தது, அதில் திகதி இருந்தது. வாசித்திருக்கிறாள்.

என் ஆங்கிலம் பதற்றத்தில் கால் தடுக்கும். சின்னச் சின்ன வசனமாகச் சொன்னேன். இந்தத் தட்டின் விளிம்பைப் பாருங்கள், நிறம் புதிதுபோல இருக்கிறது. நடுவைப் பாருங்கள், மினுக்கம் போய் மங்கியிருக்கிறது. சோறு தின்று தேய்ந்தால் கீறல் இருக்கும், கீறல் இல்லை. எங்கள் ஊரில் இப்படியான எழுத்தைக் குங்குமப்பூவால் எழுதி, கரைத்துக் குடிப்பார்கள். இது நெருப்பில் வெந்த எழுத்து, கரையாது. அப்படியிருந்தும் இதில் தண்ணீர் ஊற்றி, விரலால் சுற்றித் தடவிக் குடித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எழுதத் தெரியாத ஒருவன் எழுதியது. பிழை இருக்கிறது. பயந்தவர்கள் பிழை பார்க்கவில்லை.

ஐந்து நிமிடம் ஆகவில்லை. உட்கார்ந்துவிட்டேன். பஸ் சாரதி தன் முறைக்கு எழும்ப மறுத்து, "இதற்குப் பிறகு நான் என்ன சொல்ல, என்னுடையது வெறும் தேத்தண்ணி ஊற்றுகிற போச்சி" என்றார். திரும்பிப் பார்த்தபோது கதவோரத்தில் சஹ்லா இல்லை. அவள் அழுதுகொண்டு போனாள் என்று ஹெலன் பிறகு சொன்னார்.

முடிவில் மறுபடியும் அந்த ஏழு கேள்வித் தாளைத் தந்தார்கள். கூட்டிப் பார்த்ததில் இரண்டு புள்ளி குறைந்திருந்தது. வாழ்த்துகள் என்று ஒரு கடிதமும் வந்தது.

6

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு மத்தியானம், சஹ்லா பழைய பத்திரிகையில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் மேசையில் வைத்தாள். உட்காரவில்லை.

"உம்மா, முதல்ல கேளுங்க. ஏசிறதெண்டா பிறகு ஏசுங்க."

"என்ன?"

"செப்டெம்பருக்குப் பெட்டி எடுக்கத்தான் அலுமாரிக்கு மேல பாத்தன். இது இருந்திச்சி. சரியான வடிவு. ஆனா தூள்தூளா உதிருது, விரல்ல ஒட்டுது. யாரோ சாயத்தால கீறிப்போட்டுச் சுடாம விட்டிட்டாங்க எண்டு நினைச்சன். கொலிஜ்ல சூளை இரிக்கி. சுட்டு ஒங்கட பிறந்த நாளைக்குத் தருவம் எண்டு கொண்டுபோய் வெச்சன்."

நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்த நாள் திறந்தா ஒண்டுமில்ல. வெள்ளையா வெறும் பீங்கான். பூச்சாயம் நெருப்பில நிக்காது எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? எல்லாம் எரிஞ்சிட்டு. என்னவெண்டு யாரிட்டக் கேக்கிற? அங்க வந்து நீங்க சொன்னப் பிறகுதான் தெரியும், அது எனக்கு வந்த மருந்தெண்டு."

பத்திரிகையை விரித்தாள். அதே பீங்கான், ராத்தா வீட்டுப் பீங்கான், விளிம்பில் அதே சின்ன உடைவு. உள்ளே சிவப்பில் எழுத்து. சுடுவதற்கு முன் போனில் பிடித்த படத்தை வைத்து, சுடுகிற சாயத்தால் வரி வரியாகத் திரும்ப எழுதியிருக்கிறாள். சின்ன வயதில் சனி, ஞாயிறு மதரசாவுக்குப் போனவள்தான், எழுத்துக் கூட்டுவாள், ஆனால் மறந்து வருடக்கணக்காகிவிட்டது. இரண்டு இடத்தில் புள்ளி இல்லை. ஓரிடத்தில் எழுத்தின் வயிறு மூடியிருந்தது. வரி வளைகிற ஒவ்வொரு இடத்திலும் கோடு தடித்திருந்தது. கை அங்கே வேகம் குறைத்திருந்தது.

"மூணு தரம் எழுதி மூணு தரம் அழிச்சன். இது நாலாவது" என்றாள். பிறகு, "ஈயமில்லாத சாயம் உம்மா, கேட்டுத்தான் வாங்கின. தண்ணி ஊத்தித் தாங்க, குடிக்கிறன். அந்தச் சீனாக்காரன்ட தட்டும் கரையல்லதானே?"

அந்த நேரம் பார்த்துக் கணவர் வந்தார். குனிந்து பார்த்தார். மார்க்கத்தில் இல்லை என்று சொல்வார் என்று நினைத்தேன். "யாரு எழுதின?" என்றார். "நான்" என்றாள். விடுபட்ட ஒரு புள்ளியின் இடத்தில் விரலை வைத்துக்காட்டிவிட்டுத் தொழப் போனார்.

நான் தண்ணீர் ஊற்றவில்லை. முதலில் ராத்தாவிடம் கேட்க வேண்டும் என்றேன்.

7

ராத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்து வைத்தது, எரிந்தது, மகள் எழுதியது. லெவ்வையிடம் சொல்லி இன்னொன்று எழுதி அனுப்ப முடியுமா, சஹ்லா குடிக்க ஒத்துக்கொண்டாள் என்றேன்.

மறுபக்கத்தில் மின்விசிறியை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"அவளுக்கில்ல புள்ள" என்றார் ராத்தா.

"என்ன அவளுக்கில்ல?"

"பீங்கான். லெவ்வ ஆளிண்ட பேரும் உம்மாட பேரும் கேட்டாரு, எழுதுற நேரம் நினைக்கோணுமெண்டு. புள்ளட பேரச் சொல்ல எண்ட வாய் வரல்ல. அவள் வீடியோவில வந்தா பல்லக் காட்டிச் சிரிக்கிறாள். நீ கதைக்கிற கத காத்து மாதிரி இரிக்கி. ஒண்ட பேரத்தான் குடுத்தன். நம்மட உம்மாட பேரையும்."

"ஏன் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா? எனக்கென்ன விசரா எண்டு சண்டைக்கு வந்திருப்பாய். இல்லாட்டி, அடுப்பில பொங்குது எண்டு போன வெச்சிருப்பாய்."

இன்னொன்று அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

மறுநாள் காலை சஹ்லா சப்பாத்து மாட்டும் சத்தம் கீழே கேட்டது. வழக்கமாக அந்தச் சத்தத்துக்கு நான் மேலே ஜன்னலுக்குப் போவேன். அன்று போகாமல், குசினியில் பீங்கானை எடுத்து, ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, இரண்டு கையாலும் தூக்கிச் சுற்றினேன். சிவப்பு எழுத்தின் மேல் தண்ணீர் ஓடித் திரும்பியது. ஒன்றும் கரையவில்லை. விரலால் நடுவிலிருந்து விளிம்புவரை தடவினேன். கோடு லேசாக மேடாகத் தட்டுப்பட்டது, தடித்த இடங்களில் இன்னும் கொஞ்சம்.

"உம்மா, போறன்!"

"ஓம் மகள்" என்றேன்.

கதவு சாத்தியது. விளிம்பில் வாய் வைத்துக் குடித்தேன். சின்ன உடைவு உதட்டில் பட்டது. தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது.

பஸ் வருகிற நேரம். நான் பீங்கானைத் துடைத்துக்கொண்டு நின்றேன். முதலில் உள்பக்கத்தை, பிறகு கவிழ்த்து, காலை.